ஒரு ஸ்பானிய வீரரின் வரலாற்றைப் பேரேடு போலப் படிப்பது எப்படி

போன மாதம் அக்கா மகன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, நீங்க காசோர்லா காசோர்லான்னு உயிரை விடுறீங்க. ஆறு வருசம் ஆர்சனல்ல இருந்து 25 கோல்தான் போட்டிருக்கார். இதுக்கா இவ்வளவு?"

திரையில் இருந்தது ஒரே வரி. 2012–2018, ஆர்சனல் (இங்கிலாந்துக் கிளப்), 129 (25). அதாவது 129 ஆட்டம், 25 கோல். எண்ணில் பிழை இல்லை. அவன் படித்த விதத்தில்தான் பிழை.

எனக்குத் தொழில் மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுவது. பதினெட்டு வருடம் ரசீதும் பேரேடுமாக உட்கார்ந்ததில், எந்தப் பட்டியலைக் கண்டாலும் கூட்டுத்தொகையை அப்படியே நம்பாத குணம் வந்துவிட்டது. கால்பந்து வீரர்களின் பட்டியலையும் அப்படித்தான் படிக்கிறேன். அக்கா மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு அதே சாண்டி காசோர்லா. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் ஆடிய ஸ்பானியர்களில் பட்டியல் இந்த அளவுக்கு ஏமாற்றும் ஆள் வேறொருவர் எனக்குத் தெரியாது.

பெயரிலிருந்து

ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது அடுத்து. சந்தியாகோ காசோர்லா கொன்சாலெஸ் என்றால் காசோர்லா அப்பா வழி, கொன்சாலெஸ் அம்மா வழி. கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு கொன்சாலெஸ் என்று தேடினால் விடிய விடியத் தேட வேண்டியதுதான். சட்டையில் செல்லப் பெயர் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இங்கிலாந்து லீகில் சுவான்சி கிளப்புக்கு ஆடிய மிச்சுவின் முழுப்பெயர் மிகுவேல் பெரேஸ் குவெஸ்டா. பழைய ஆவணங்களைத் துழாவும்போது முழுப்பெயரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மேல்வரிதான் பாதிக் கதை

எல்லாரும் நேராகப் பெரிய கிளப் வரிக்குத் தாவுவார்கள். வேண்டாம். இளையோர் அணிகள் என்று சின்ன எழுத்தில் மேலே இருக்கும், அங்கே நில்லுங்கள். காசோர்லாவுக்கு அங்கே இருப்பது ஒவியேடோ, 1996 முதல் 2003 வரை. வட ஸ்பெயினில் அஸ்டூரியாஸ் என்ற பகுதி. அவர் பிறந்தது அங்கே, ஒவியேடோவை ஒட்டிய யானேராவில், 1984 டிசம்பரில். உள்ளூர்ப் பையன், உள்ளூர் கிளப்.

இப்போது கணக்கனின் கேள்வி: ஏழு வருடம் வளர்த்த பையனை ஒவியேடோ முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் ஏன் விட்டது? வீரரின் பட்டியலில் இதற்குப் பதில் கிடைக்காது. கிளப்பின் பட்டியலைத் திறக்க வேண்டும். 2001-ல் ஒவியேடோ முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 2003-ல் இரண்டாம் பிரிவிலும் நிற்க முடியவில்லை. அதோடு சம்பள பாக்கி வேறு. அதற்கான தண்டனையாக இன்னொரு படியும் கீழே தள்ளினார்கள். ஒரே கோடையில் இரண்டு படி. கிளப்பே இருக்குமா என்ற நிலை. அந்த வருடம்தான் 18 வயதுக் காசோர்லா ஸ்பெயினின் இன்னொரு மூலைக்கு, வில்லாரியலுக்குப் போனார். "வெளியேறினார்" என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் வீடு இடிந்து வெளியே வருவதும் வாடகை பேசி வெளியே வருவதும் ஒன்றா?

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம்: வீரரின் ஒவ்வொரு வரிக்கும் அதே வருடத்தில் கிளப்பின் நிலையைப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். எங்கள் தொழிலில் ஒத்திசைவு பார்ப்பது என்போம். வங்கிப் புத்தகத்தையும் நம் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல.

பிரிவுகளின் பெயர் ஒரு கண்ணி. "டெர்சேரா" என்றால் ஸ்பானிய மொழியில் மூன்றாவது என்று பொருள். ஆனால் ஒவியேடோ 2003-ல் விழுந்த டெர்சேரா உண்மையில் நான்காம் படி. நடுவில் "செகுந்தா பி" என்று ஒன்று இருந்தது. 2021-ல் இந்த அடுக்கை மறுபடி மாற்றினார்கள், இப்போது டெர்சேரா என்ற பெயர் ஐந்தாம் படிக்கு. ஆகவே பெயரை வைத்து உயரத்தை அளக்காதீர்கள், வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பி அணி என்றால் பயிற்சி அணி இல்லை

வில்லாரியல் பி என்று ஒரு வரி வரும், கிளப்பின் இரண்டாம் அணி. அதைப் பார்த்ததும் "ஓ, ரிசர்வ் ஆட்டம்" என்று தள்ளிவிடாதீர்கள். இங்கிலாந்தில் பெரிய கிளப்களின் பையன்கள் தங்களுக்குள் ஒரு தனி லீக் ஆடுவார்கள். ஸ்பெயினில் பி அணி சாதாரண லீக் அடுக்கிலேயே, முப்பது வயது முரட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் உள்ள ஊர் அணிகளோடு மோதும். ஒரே கட்டுப்பாடு, தாய் அணி இருக்கும் பிரிவுக்கு ஏற முடியாது. ரியல் மாட்ரிட்டின் பி அணியான காஸ்டில்லா 1984-ல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்தும் மேலே போக முடியாமல் நின்றது. அதற்கு நான்கு வருடம் முன்னால், 1980-ல், அரசர் கோப்பை இறுதி ஆட்டத்தில் தன் தாய் அணியோடே மோதி 6–1 என்று தோற்றது. அப்பன் பிள்ளை சண்டை. இப்போது பி அணிகளுக்கு அந்தக் கோப்பையில் இடமில்லை.

எப்படிப் போனார் என்பதைக் கேளுங்கள்

இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு எங்கள் தெரு கால்பந்துக் குழுவின் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதியது நான். "2006-ல் காசோர்லாவை வில்லாரியல் எந்தக் கிளப்புக்கு இரவல் கொடுத்தது?" விடை ரெக்ரெயாட்டிவோ டி உவெல்வா என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பையன் எழுந்து "அண்ணே, அது இரவல் இல்லை, விற்றார்கள்" என்றான். ஒரே சீசனில் திரும்பி வந்திருக்கிறாரே, இரவலாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வீட்டுக்குப் போய்த் தேடினால் பையன் சொன்னதுதான் சரி. திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு விற்றிருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள்.

என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நகையை அடகு வைப்பதற்கும், விற்றுவிட்டு "மறுபடி எனக்கே தரணும்" என்று எழுதி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம். இரவல் என்றால் வீரர் இன்னும் உங்களுடையவர். விற்றுவிட்டால், திரும்ப வாங்கக் காசு போடும் அளவுக்கு அவர் வளர்ந்தாரா என்பது ஒரு சோதனை. அந்த 2006–07 சீசனில், அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்த ரெக்ரெயாட்டிவோ எட்டாம் இடம் பிடித்தது, டிசம்பரில் ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானமான பெர்னபேயுவிலேயே 3–0 என்று அடித்தது. காசோர்லா லீக்கில் 34 ஆட்டம், 5 கோல். வில்லாரியல் ஏன் காசை எடுத்தது என்பது விளங்குகிறதல்லவா?

பட்டியலில் இரவல் வரிகளுக்கு முன்னால் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இல்லையென்றால் விற்பனை, அல்லது ஒப்பந்தம் முடிந்து காசில்லாமல் போனது. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஐரோப்பாவில் பழைய கிளப் விலை கேட்க முடியாது.

ஸ்பெயினுக்கென்று இன்னொன்று உண்டு, விடுவிப்புத் தொகை. 1985-ஆம் ஆண்டு 1006 எண் கொண்ட அரச ஆணைப்படி, விளையாட்டு வீரர் இழப்பீடு கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அதனால்தான் அங்கே ஒப்பந்தங்களில் ஒரு தொகை எழுதியிருக்கும். அதைக் கட்டினால் கிளப் "மாட்டேன்" என்று சொல்ல வழியில்லை. 2017-ல் நெய்மருக்காக 22 கோடியே 20 லட்சம் யூரோ கட்டப்பட்டது இந்த வழியில்தான். செய்தியில் "இவருடைய விலை இத்தனை கோடி" என்று வந்தால் அது விலை இல்லை, பூட்டின் அளவு. பூட்டு பெரிதாக இருப்பதாலேயே உள்ளே தங்கம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

எந்த வருடம் வெளிநாடு போனார்?

ஸ்பெயின் 2008-ல் ஐரோப்பியக் கோப்பை, 2010-ல் உலகக் கோப்பை, 2012-ல் மறுபடி ஐரோப்பியக் கோப்பை என்று வென்றுகொண்டிருந்த காலம். அதே காலத்தில் ஸ்பானிய வீரர்கள் கும்பலாக இங்கிலாந்து போனார்கள். ஏன்? நாட்டின் அணி செழிப்பாக இருந்தது, கிளப்களின் கல்லாப்பெட்டி காலி. 2011 ஆகஸ்டில் சம்பள பாக்கிக்காக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து லீக்கின் முதல் சுற்றே தள்ளிப்போனது. தொலைக்காட்சி உரிமையைக் கிளப்கள் தனித்தனியாக விற்றதால் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பெரும்பங்கை வாரிக்கொண்டன. 2015-ல் அரசு ஆணை வந்துதான் கூட்டாக விற்கும் முறை வந்தது. அதுவரை இங்கிலாந்தின் நடுத்தரக் கிளப்புக்குக்கூட ஸ்பெயினின் நல்ல அணிகளைவிடக் கை நிறையக் காசு.

காசோர்லாவின் 2011, 2012 வரிகளை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 2011-ல் வில்லாரியலிலிருந்து மாலகா. மாலகாவைக் கத்தார் ஷேக் ஒருவர் வாங்கிக் காசை இறைத்த நேரம். லீக்கின் 38 ஆட்டத்திலும் ஆடினார், 9 கோல். மாலகா நான்காம் இடம், சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி. அந்த மகிழ்ச்சி அடங்குமுன் கல்லாவில் காசில்லை, சம்பளம் தாமதம். 2012 ஆகஸ்டில் அவரை ஆர்சனலுக்கு விற்றார்கள். அந்த டிசம்பரில் கடன் பாக்கிக்காக மாலகாவுக்கு ஐரோப்பியப் போட்டித் தடையே விதித்தார்கள். இன்னொரு பக்கம், அவர் விட்டுப்போன வில்லாரியல் அடுத்த சீசனே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒரு வீரர் போன பிறகு அந்தக் கிளப்புக்கு என்ன ஆனது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. நல்ல சரக்கு மாஸ்டர் போன ஓட்டல் மாதிரி, ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

மிச்சுவின் கதையும் இதுதான், ஒரு சுற்று சிறியது. அவரும் ஒவியேடோக்காரர். 2011–12-ல் ராயோ வயேகானோவுக்காக 15 லீக் கோல் போட்டவரை 20 லட்சம் பவுனுக்கு சுவான்சி தூக்கிக்கொண்டு போனது. ராயோ கடன் சிக்கலில் இருந்ததால் அந்த விலை. முதல் சீசனிலேயே பிரிமியர் லீகில் 18 கோல்.

கூட்டுத்தொகையை உடையுங்கள்

இனி அக்கா மகனின் 129 (25). ஒரு தாளை எடுத்து, ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். எழுதினான்:

2012–13: 38 ஆட்டம், 12 கோல்.
2013–14: 31, 4.
2014–15: 37, 7.
2015–16: 15, 0.
2016–17: 8, 2.
2017–18: 0, 0.

கூட்டினால் 129, 25. கணக்கு டேலி ஆகிறது. இனி மேலிருந்து கீழே விரலை ஓட்டு என்றேன். 38-ல் தொடங்கி 0-வில் முடிகிறது. லீகில் மொத்தம் 38 ஆட்டம்தான், முதல் வருடம் ஒன்றுகூட விடவில்லை. ஆறு வருடத்தில் 25 கோல் என்று அவன் சொன்ன கணக்கு, உண்மையில் மூன்று வருடத்தில் 23.

அந்த 31 ஏன்? 2013 செப்டம்பரில் ஜெனீவாவில் சிலி நாட்டுக்கு எதிராக ஸ்பெயின் ஆடிய நட்பு ஆட்டம். கணுக்காலில் அடி. வலி அங்கே தொடங்கியது என்று அவரே பின்னாளில் சொன்னார். 15 ஏன்? 2015 நவம்பரில் நார்விச்சில் முழங்கால் காயம். 8 ஏன்? 2016 அக்டோபர் 19, பல்கேரியாவின் லுடோகோரெட்ஸை ஆர்சனல் 6–0 என்று வென்ற ஆட்டம். அதில்தான் கடைசியாக ஆர்சனல் சட்டை போட்டார்.

பிறகு வருவது பட்டியலில் வெற்று இடம். அங்கே நடந்ததைத் தேடிப் படித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வலது குதிகாலில் அறுவை சிகிச்சை, தையல் ஆறவில்லை, கிருமி புகுந்தது. எட்டு முறைக்கு மேல் கத்தி வைத்தார்கள். குதிகால் தசைநாணில் சுமார் எட்டு சென்டிமீட்டரைக் கிருமி தின்றுவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள் என்று அவரிடம் சொன்னார்கள். கடைசியில் ஸ்பெயினில் விட்டோரியா நகரத்து மருத்துவர் ஒருவர் தசைநாணைக் கட்டி எழுப்பினார். மூட தோல் போதவில்லை, முன்கையிலிருந்து வெட்டி எடுத்தார்கள். அங்கே மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பெயரில் பாதி கையிலும் பாதி கணுக்காலிலுமாக ஆகிவிட்டது.

அந்த "0"-க்குப் பின்னால் இவ்வளவு. பட்டியலில் பூஜ்யம் வந்தால் அங்கே நிற்காமல் போகாதீர்கள். காயமா, தகராறா, பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லையா, தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய செய்திகளைத் தேடினால் கிடைத்துவிடும். மிச்சுவின் அடுத்த சீசனில் 17 ஆட்டம், 2 கோல். பிறகு இத்தாலியின் நாப்போலிக்கு இரவல், அங்கே லீகில் மூன்றே ஆட்டம். அதுவும் கணுக்கால்தான். அவர் மீளவில்லை. அண்ணன் பயிற்சியாளராக இருந்த லாங்ரெயோ என்ற ஊர் அணியிலும் பிறகு ஒவியேடோவிலும் ஆடி 2017-ல் நிறுத்திக்கொண்டார்.

காசோர்லா மீண்டார். 2018 ஜூலையில் வில்லாரியலுக்காக ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார். கடைசி ஆட்டத்துக்கும் இதற்கும் நடுவே 636 நாள். நாட்காட்டியை வைத்து நானே எண்ணிப் பார்த்தேன். ஆகஸ்டில் ரசிகர்கள் முன் அறிமுகம் செய்தபோது ஒரு மாயாஜாலக்காரரைக் கூட்டி வந்து, வெற்றுக் கண்ணாடிக் குழாய்க்குள் புகை கிளப்பி அவரைத் தோன்ற வைத்தார்கள். கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. 2019 ஜனவரி 3, ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 2–2. இரண்டு கோலும் அவர். 2019-ல் நாட்டின் அணிக்கும் திரும்பினார். தேசிய அணிப் பெட்டியில் 2008–2019, 81 (15) என்று ஒரே மூச்சாக எழுதியிருப்பதற்குள் கிட்டத்தட்ட நான்கு வருட இடைவெளி ஒளிந்திருக்கிறது. பின்னர் 2020 முதல் 2023 வரை கத்தாரின் அல் சாத். முதலில் ஸ்பெயின் அணியில் அவரோடு ஆடிய சாவிதான் பயிற்சியாளர், இரண்டு லீக் பட்டம். இந்த வரியை வேகமாகத் தாண்டலாம்.

அடைப்புக்குறிக்குள் வராத கோல்கள்

அந்த 129 (25) லீக் மட்டும். கோப்பைகளையும் ஐரோப்பிய ஆட்டங்களையும் சேர்த்தால் ஆர்சனலில் 180 ஆட்டம், 29 கோல். விட்டுப்போன நான்கில் ஒன்று 2014 மே 17, இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதி. ஹல் சிட்டி எட்டு நிமிடத்தில் 2–0 என்று முந்திவிட்டது. ஒன்பது வருடமாக ஆர்சனலுக்குக் கோப்பையே கிடையாது. நான் தொலைக்காட்சியை அணைக்கப் போனேன். பதினேழாவது நிமிடம், தொலைவிலிருந்து ஃப்ரீ கிக், மேல் மூலை. கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றார்கள். ஆர்சனலில் அவர் போட்டதிலேயே முக்கியமான கோல் பட்டியலின் எண்ணில் இல்லை! யூரோ 2008 காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக பெனால்டி ஷூட்-அவுட்டில் அவர் போட்டதும் எந்தக் கணக்கிலும் ஏறாது, ஷூட்-அவுட் அடிகளைக் கோலாகச் சேர்ப்பதில்லை.

பணமும் பட்டியலில் வராது. 2012-ல் ஒவியேடோ மூடப்படும் நிலைக்கு வந்தபோது பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றார்கள். அங்கே வளர்ந்த காசோர்லா, மிச்சு, ஹுவான் மாட்டா எல்லாரும் வாங்கினார்கள். கடைசியில் மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம்மின் நிறுவனம் வந்து தூக்கி நிறுத்தியது. 2023-ல் காசோர்லா ஒவியேடோ திரும்பியபோது சம்பளமே வேண்டாம் என்றாராம். விதி விடவில்லை, குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அதை மட்டும் வாங்கிக்கொண்டு, தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் ஒரு பங்கு இளையோர் அணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

பயிற்சிக்கு ஒரு பட்டியல் வேண்டுமானால் இன்யிகோ கால்டெரோனை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டோரியாக்காரர், பிரைட்டனில் ஆறு வருடம், சைப்ரஸில் ஒன்று, பிறகு நம்ம சென்னையின் எஃப்சி. 2017–18-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். கிளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

அக்கா மகனுக்குக் கடைசியாக ஒவியேடோ வரியைக் காட்டினேன். 2025 ஜூன் 21, கார்லோஸ் தார்த்தியேரே மைதானம், முதல் பிரிவுக்கு ஏறும் பிளே-ஆஃபின் கடைசி ஆட்டம். மிராண்டேஸிடம் முதல் ஆட்டத்தில் 1–0 தோல்வி, இதிலும் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கியாயிற்று. 39-ஆவது நிமிடம் பெனால்டி. நாற்பது வயது, ஒட்டுப்போட்ட கால், பந்து உள்ளே. கூடுதல் நேரத்தில் 3–1, இரண்டு ஆட்டமும் சேர்த்து 3–2. 24 வருடம் கழித்து ஒவியேடோ முதல் பிரிவில்.

அவன் லீக் கட்டத்தைப் பார்த்தான், மறுபடி பார்த்தான். "மாமா, அந்த கோல் இதுல எங்க இருக்கு?"

"வலது பக்கம் தள்ளு. கடைசிக் கட்டம், 'பிற போட்டிகள்'."